வருமென்று தெரிந்த குளிர்

மூன்று மீன்களின் கதையை நாமெல்லோரும் கீழ்வகுப்பிலே படித்திருக்கின்றோம். நம்மிற் பலர் இன்று அதனைப் படிப்பித்தும் வருகின்றோம். குளத்துக்கு மறுநாள் வலைஞர் வரப்போகின்றனர் என்னுஞ் செய்தி மூன்று மீன்களின் காதிலும் விழுகின்றது. ஒன்று அன்றிரவே வாய்க்கால் வழியே வெளியேறிவிடுகின்றது. மற்றொன்று வலையில் அகப்பட்டபின் செத்தது போலக் கிடந்து தப்புகின்றது. மூன்றாவது, வருவது வரட்டும் என்றிருந்து மாள்கின்றது. வருமுன் காப்பவனே அறிவாளி என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகின்றோம்.

இக்கதையிலே ஒரு வசதி மறைந்து கிடக்கின்றது. செய்தியை அறிந்த மீன் எதுவோ, அதற்கே தப்பும் வழியும் உண்டு. தப்பாவிடிற் சாவதும் அதுவே. அதனால் மூன்றாவது மீனின் சாவுக்கு அந்த மீனே பொறுப்பு என்று கூறி நாம் அமைதியடைந்துவிடலாம். மனித சமுதாயத்தின் நிலையோ வேறு. அறிந்தவன் ஒருவன், ஆவன செய்யும் ஆற்றலுடையவன் இன்னொருவன், செய்யாமையின் விளைவைச் சுமந்து சாகிறவன் பிறிதொருவன். இம்மூவரும் பிரிந்து நிற்குமிடத்து, வருமுன் காத்தல் என்பது யாருடைய கடமை? தெரிந்திருந்தும் செய்யாதிருத்தல் எப்போது வெறும் அசட்டை என்னும் நிலையைக் கடந்து குற்றமாகின்றது? இவ்வினாக்களை வெறுங் காற்றில் ஆராய்வதால் பயனில்லை. ஒரு வெப்ப நாட்டுக்குக் கடுங்குளிர் வந்த வரலாற்றை முன்வைத்து ஆராய முயல்வோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தெற்கே, மெக்சிக்கோவை அடுத்துக் கிடப்பது டெக்சாஸ் மாநிலம். அது வெயிலுக்குப் பேர்போனது. அதன் தென்கோடியில் தோடம்பழத் தோட்டங்கள் உள்ளன. அங்குள்ள வீடுகள் பெரும்பாலும் வெக்கையை நினைந்து கட்டப்பட்டவை. தண்ணீர்க் குழாய்கள் வெளிச்சுவர்களினூடும் கூரையின் கீழும் போகின்றன. 2021ஆம் ஆண்டு பெப்ரவரி நடுப்பகுதியில் வடதுருவத்துக் குளிர்காற்று அம்மாநிலம் முழுவதையும் மூடிற்று. பெப்ரவரி 16 அன்று டலஸ் நகரின் விமான நிலையத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 19 பாகை சென்ரிகிரேட்டுக்கு இறங்கியது. கடலோர நகரான ஹூஸ்டனிலுங்கூட உறைநிலைக்குக் கீழே 10 பாகையைத் தாண்டிற்று.

அதற்கு முந்திய நாள், 15ஆந் திகதி, நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குப் பின்னர், மின்வலையை நிருவகிக்கும் எர்கொட் என்னும் நிறுவனம் மின்சாரத்தைத் துண்டிக்குமாறு கட்டளையிட்டது. மின்நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுகொண்டிருந்தன. துண்டிப்பு உச்சத்தில் 20,000 மெகாவாட்டை எட்டிற்று. 45 இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளும் வணிக நிலையங்களும் இருளில் மூழ்கின. சில இடங்களில் நான்கு நாட்கள் வரை மின்சாரம் இல்லை. குழாய்கள் உறைந்து வெடித்தன. ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்கவேண்டும் என அறிவுறுத்தப்பட்டனர். கொதிக்கவைப்பதற்கு அடுப்பு எரிந்ததா என்பது வேறு விஷயம். சூடு தேடிக் கரியடுப்பை வீட்டினுள்ளே மூட்டியவர்களும், அடைத்த கராஜினுள் காரை ஓடவிட்டு அதில் இருந்தவர்களும் நச்சுப்புகையால் மாண்டனர். மாநில அரசாங்கத்தின் கணக்குப்படியே இறந்தவர்கள் 246 பேர். அவர்களுள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரைக் கொன்றது குளிர். பலர் தமது வீடுகளிலேயே இறந்தனர். மெய்யான தொகை இதனினும் மிக அதிகம் என்று கணித்தவர்களும் உளர்.

உலகின் பெருஞ் செல்வம் படைத்த நாடொன்றில், எண்ணெயும் எரிவாயுவும் அந்நாட்டிலேயே மிகுதியாகக் கிடைக்கும் மாநிலத்தில், மனிதர் குளிரால் இறந்தனர். இதனை ‘இயற்கையின் சீற்றம்’ என்று சிலர் கூறினர். அச்சொற்றொடரை நாமும் அடிக்கடி கையாள்கிறோம். அதன் பொருள் என்ன? இயற்கை குற்றவாளியானால் மனிதர் யாவரும் நிரபராதிகள் என்பதே அதன் பொருள்.

ஆனால் இக்குளிர் யாருக்குந் தெரியாமல் வரவில்லை. வானிலை அவதானிகள் ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு முன்பே எச்சரித்துவிட்டனர். பெப்ரவரி 9 அன்று மின்வலை நிறுவனத்தின் நிர்வாக சபை கூடிய நீண்ட கூட்டத்திலே, வரவிருந்த குளிரைப் பற்றிய பேச்சு ஒரு நிமிடத்தையும் நிரப்பவில்லை. ஒரு வாரத்தில் என்ன செய்துவிட முடியும் என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. அப்படியாயின் பத்தாண்டுகள் பின்னே செல்வோம். 2011 பெப்ரவரியில் இதே மாநிலத்தில் இதே போன்ற குளிர் வந்தது. இதே போல மின்நிலையங்கள் உறைந்தன. மின்சாரம் முறைவைத்துத் துண்டிக்கப்பட்டது. மத்திய அரசின் மின்சக்தி ஆணைக்குழுவும் மின்வலைகளின் பாதுகாப்பை மேற்பார்வை செய்யும் நிறுவனமும் சேர்ந்து அவ்வாண்டு ஓகத்தில் விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டன. எவ்வெவ்வுறுப்புகள் உறைந்தன, அவற்றை எவ்வாறு காப்பது என்றெல்லாம் அதிற் கூறப்பட்டது. அவ்வறிக்கை வேறொன்றையுஞ் சுட்டிக்காட்டியது: 1989 டிசெம்பரிலும் இதே நிகழ்ந்தது, அப்போதும் அறிவுரைகள் கூறப்பட்டன, அவை பின்பற்றப்படவில்லை. ஆக, முப்பத்தொரு ஆண்டுகளில் மூன்று முறை. முதல் முறை அறியாமை என்போம். மூன்றாம் முறைக்கும் அதே பெயரைச் சூட்டலாமா?

உறைந்தவை எவை என்பதைச் சற்று அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில் பெருந்துயரத்தின் காரணம் பல வேளைகளில் மிகச் சிறிய பொருளாக இருக்கும். குளிர்நாடுகளில் மின்நிலையத்தின் கொதிகலனும் சுழலியும் கட்டடத்தினுள்ளே இருக்கும். வெப்ப நாடுகளிலோ வெக்கை வெளியேறவேண்டும் என்பதற்காக அவற்றைத் திறந்தவெளியில் அமைப்பர். அங்கே அழுத்தத்தை அளக்கும் கருவிகளுக்குச் செல்லும் மெல்லிய குழாய்கள் உண்டு. அவற்றுள் நீர் ஓடாது நிற்கும். அந்த நீர் உறைந்துவிட்டால் கருவி பொய்யான அளவைக் காட்டும். பொய்யான அளவை நம்பி முழு நிலையமும் தானாக நின்றுவிடும். தென்பகுதியிலுள்ள அணுமின் நிலையத்தின் இரு உலைகளுள் ஒன்று 2021இல் நின்றது இவ்விதமே. எரிவாயுக் கிணறுகளிலோ, வாயுவுடன் மேலெழும் நீர் கிணற்றின் வாயிலேயே உறைந்து அடைத்துக்கொண்டது. சில எரிவாயு நிலையங்களுக்கு மின்சாரமே துண்டிக்கப்பட்டது. அவை இன்றியமையாதவை என்று எவரும் முன்கூட்டிப் பதிந்துவைக்கவில்லை. வாயு இல்லாமையால் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாமையால் வாயு இல்லை. காற்றாலைகளே காரணம் என்று சில அரசியல்வாதிகள் உடனே கூச்சலிட்டனர். காற்றாலைகளிலும் பனி படிந்தது உண்மையே. ஆயின் பெரும்பங்கு தோல்வி எரிவாயுவைச் சார்ந்தது என்பதைப் பின்னர் நடந்த விசாரணை தெளிவாக்கிற்று. அதே விசாரணை இன்னுமொன்றைக் கண்டது: உறைந்து நின்ற சம்பவங்களுள் 81 வீதம், இந்த அளவு குளிரைத் தாங்கும் என அந்நிலையங்களே கூறியிருந்த எல்லைக்குள்ளேதான் நிகழ்ந்தன.

குழாயைச் சுற்றிப் பொதியவேண்டும். சூடேற்றும் கம்பி சுற்றவேண்டும். காற்றை மறிக்கத் தட்டி கட்டவேண்டும். வேண்டியிருந்த வேலைகளிற் பெரும்பாலானவை இத்தகையனவே. இவற்றைச் செய்யத் தெரியாத பொறியியலாளர் அங்கு இருக்கவில்லை. அப்படியானால் ஏன் செய்யப்படவில்லை?

இவ்விடத்தில் எதிர்த்தரப்பின் வாதத்தை நேர்மையாகக் கேட்கவேண்டும். பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் குளிருக்காக ஒவ்வோராண்டும் செலவிடுவது விரயம் அல்லவா? எல்லா ஆபத்துக்கும் ஆயத்தமாக எந்தச் சமுதாயத்தால் முடியும்? நுவரெலியாவிற் சில தை மாதத்து அதிகாலைகளில் புல்லின்மேல் உறைபனி படிவதால், இலங்கை முழுவதும் கணப்படுப்புக் கட்டவேண்டுமா? இவ்வாதம் முற்றிலும் பொய்யன்று. முன்னெச்சரிக்கைக்கும் ஒரு விலை உண்டு. அவ்விலை ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தினதோ மருத்துவமனையினதோ செலவிலிருந்து வரக்கூடும். எல்லாவற்றுக்கும் அஞ்சுகிறவன் எதையுஞ் செய்யான்.

எனினும் இவ்வாதம் ஒன்றை நைசாக மறைக்கின்றது. ‘விரயம்’ என்று கணக்கிட்டவர் யார்? குழாய்க்குப் பொதிய மறுத்தவரின் ஏட்டில் செலவு என்னும் பக்கத்தில் பொதியும் காசு இருந்தது; வரவு என்னும் பக்கத்தில் ஒரு முதியவரின் உயிர் எழுதப்பட்டிருக்கவில்லை. சேமித்த காசு ஒருவரிடம் சேர்ந்தது. சேமிப்பின் விளைவு இன்னொருவரின் படுக்கையறையில் இறங்கிற்று. டலஸிலுள்ள மத்திய வங்கிக் கிளையின் மதிப்பீட்டின்படி அந்த ஒரு வாரத்தின் நட்டம் 8,000 கோடி முதல் 13,000 கோடி டொலர் வரை. சமுதாயம் முழுவதையும் ஒரே குடும்பமாகக் கருதிக் கணக்குப் பார்த்திருந்தால் பொதிதான் மலிவு. ஆனால் அக்குடும்பத்தின் கணக்கை எழுத எவரும் நியமிக்கப்பட்டிருக்கவில்லை.

அம்மாநிலத்தின் மின்சார ஒழுங்கே அத்தகையது. மத்திய அரசின் கட்டுப்பாட்டுக்கு உட்படாதிருக்க அதன் மின்வலை பெரும்பாலும் அயல் மாநிலங்களின் வலைகளோடு சேராமலே வளர்ந்தது. 1999இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 2002 முதல் மின்சாரம் சந்தைப் பொருளாயிற்று. விற்ற மின்சாரத்துக்கே பணம். ஆபத்துக் காலத்துக்கு ஆயத்தமாக நிற்பதற்குப் பணம் இல்லை. தட்டுப்பாடு வரும்போது விலை ஏறும், அந்த ஆசையே உற்பத்தியாளரை ஆயத்தமாக வைத்திருக்கும் என்பது அவ்வொழுங்கை அமைத்தவர்களின் தத்துவம். சாதாரண நாட்களில் ஒரு மெகாவாட் மணி சில பத்து டொலருக்கு விற்கும். 2021 பெப்ரவரியில் உச்ச வரம்பான 9,000 டொலரில் அது நாட்கணக்காக நிறுத்திவைக்கப்பட்டது. விலை வானைத் தொட்டது. ஆனால் உறைந்த குழாயை விலை உருக்கவில்லை. சந்தை விலையோடு பிணைந்த கட்டணத்தை ஏற்றிருந்த சில குடும்பங்களுக்கு ஆயிரக்கணக்கான டொலருக்குப் பட்டியல் வந்ததுதான் மிச்சம். பஞ்சத்தில் நெல்லைப் பதுக்கியவனை வையத் தெரிந்த நமக்கு, தட்டுப்பாட்டையே ஊக்கப் பரிசாக அமைத்துக்கொண்ட ஓர் ஒழுங்கை என்னவென்று சொல்வது என்று தெரியவில்லை.

அந்த நள்ளிரவில் கட்டளையிட்ட மின்வலை ஊழியர்களை நாம் குறைகூற மாட்டோம். மின்னோட்டத்தின் அதிர்வெண் அபாய எல்லைக்குக் கீழே நாலு நிமிடத்துக்கு மேல் நின்றது. இன்னும் 4 நிமிடம் 37 விநாடி அவ்வாறே நின்றிருந்தால் முழு வலையும் சரிந்திருக்கும். அதை மீட்கக் கிழமைகள் பிடித்திருக்கலாம். அவர்கள் செய்தது சரி. ஆயினும் ஒழுக்கவியலார் பெரிதும் விரும்பி ஆராயும் ‘இருதலைக் கொள்ளி’ நிலைமைகளைப் பற்றி இங்கே நாம் ஐயுறவேண்டியிருக்கின்றது. சிலரைக் குளிரில் விடுவதா, எல்லோரையும் இருளில் விடுவதா என்ற தேர்வு அவ்வூழியர்களுக்கு வானத்திலிருந்து விழவில்லை. முந்திய பத்தாண்டுகளில், வசதியான அறைகளில், பகல் வேளைகளில், அவசரம் எதுவுமின்றி எடுக்கப்பட்ட முடிவுகளே அத்தேர்வை உண்டாக்கின. இரண்டு தீமைகளுள் ஒன்றை ஏற்க நேர்ந்தவனின் மனச்சாட்சியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றோம். மூன்றாவது வழியை முன்னரே அடைத்துவிட்டுப் போனவனைப் பற்றி எழுதுவதில்லை.

துண்டிப்பும் எல்லோர்மீதும் ஒரே அளவாக விழவில்லை. குடியிருப்புகள் இருண்டு கிடக்க, நகர மையத்தில் ஆளில்லாத அலுவலகக் கோபுரங்கள் ஒளிர்ந்தன. மருத்துவமனைகளும் இன்றியமையாத நிலையங்களும் அதே மின்வழியில் இருந்தமையால் அதைத் துண்டிக்க முடியவில்லை என்று விளக்கம் தரப்பட்டது. விளக்கம் உண்மையே. ஆனால் குளிரில் நடுங்கியவனின் சன்னலுக்கு விளக்கம் தெரிவதில்லை, விளக்குத்தான் தெரியும்.

கொலராடோ சிற்றி என்னும் சிறு நகரின் மேயர், நகரசபையோ அரசாங்கமோ மக்களுக்கு எதுவுங் கடன்பட்டதன்று, வலியவர் பிழைப்பர், எளியவர் அழிவர் என்னும் பொருள்பட எழுதினார். கண்டனம் எழுந்தது, பதவி விலகினார். அவரை வைவது எளிது. எமக்கோ அவர் ஓரளவு நேர்மையாளராகவே தோன்றுகின்றார். அவ்வொழுங்கு முப்பது ஆண்டுகளாகச் செயலிற் காட்டியதை அவர் சொல்லில் எழுதிவிட்டார், அவ்வளவே. மக்கள் அவரைப்போல இருக்கவில்லை. ஹூஸ்டனில் ஒரு தளபாட வியாபாரி தன் கடைகளைத் திறந்து, விற்பனைக்கு வைத்திருந்த மெத்தைகளில் ஊரவரை உறங்கவிட்டார். தென்கோடித் தீவொன்றில், குளிரில் விறைத்து மிதந்த நாலாயிரத்துக்கு மேற்பட்ட கடலாமைகளைத் தொண்டர்கள் படகுகளிலும் வாகனங்களிலும் அள்ளிவந்து மாநாட்டு மண்டபத்தில் வரிசையாகக் கிடத்திக் காப்பாற்றினர். அது திடீரென எழுந்த இரக்கமன்று. குளிர் வந்தால் ஆமை விறைக்கும் என்பது அங்கே பல்லாண்டுகளாகத் தெரியும். அதற்கென்று ஒரு நிலையமும், பழகிய ஆட்களும் இருந்தனர். ஆமைகளுக்கு ஒரு வருமுன் காப்போன் இருந்தான்.

‘தனியார் இலாபமே காரணம், உடைமையைப் பொதுவாக்கினால் தீர்ந்தது’ என்று இக்கட்டுரையை இங்கே முடித்துவிட நமக்கு ஆசை உண்டு. வாசகரிற் பலரும் அதையே எதிர்பார்ப்பர். ஆனால் உண்மை அவ்வளவு இலகுவாக வளைந்து கொடுப்பதில்லை. அதே மாநிலத்தின் மேற்குக் கோடியிலுள்ள எல் பாசோ நகருக்கு மின்சாரம் வழங்குவதும் தனியார் நிறுவனமே. 2011இன் குளிரில் அடிபட்ட பின்னர் அது தன் நிலையங்களைக் குளிருக்கு ஏற்பச் செப்பனிட்டது. 2021இல் அந்நகர் பெரும்பாலும் இருளவில்லை. அது சந்தை ஒழுங்குக்குப் புறம்பானது. அதன் கட்டணம் பொது ஆணைக்குழுவின் மேற்பார்வைக்கு உட்பட்டது. அது வேறு மின்வலையோடு இணைந்தது. இனி மறுபுறம் நோக்குக. டெனசி பள்ளத்தாக்கு அதிகாரசபை 1933இல் ரூஸ்வெல்ட் காலத்தில் அமைந்த பொதுநிறுவனம். நமது நாட்டின் கல்லோயா அபிவிருத்திச் சபைக்கு முன்மாதிரியாயிருந்ததும் அதுவே. 2022 டிசெம்பர் 23, 24ஆந் திகதிகளில், நத்தாருக்கு முன், கடுங்குளிரில் அதன் நிலையங்களிலும் கருவிகள் உறைந்தன. தன் வரலாற்றில் முதன்முறையாக அது மின்சாரத்தை முறைவைத்துத் துண்டித்தது. டெக்சாஸில் 246 பேர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகவில்லை.

ஆகவே உடைமை யாருடையது என்பது முதற் கேள்வியே ஒழிய முழுக் கேள்வியன்று. அறிந்தவர்மீது கட்டளையிடும் உரிமை, அறியாமையால் அடிபடப் போகிறவர்களுக்கு உண்டா என்பதே மீதிக் கேள்வி. 2011இன் அறிக்கை பொதுமக்கள் எவரும் படிக்கக்கூடியதாகவே இருந்தது, இரகசியம் எதுவுமில்லை. ஆனால் அதில் இருந்தவை அறிவுரைகள். அறிவுரையைக் கேட்பவன் விரும்பினாற் கேட்கலாம். 246 உயிர்கள் போனபின், 2021 யூனில் அவ்வறிவுரைகள் சட்டமாயின; மீறும் மின்நிலையத்துக்கு நாளொன்றுக்கு 10 இலட்சம் டொலர் வரை தண்டம் விதிக்கலாம்; சென்று பார்க்கப் பரிசோதகர் உண்டு. 2024 சனவரியில் மீண்டும் கடுங்குளிர் வந்தபோது மின்வலை தாங்கி நின்றது. அதே பொறியியலாளர், அதே கம்பி, அதே பொதி. ஆனாற் சட்டம் எரிவாயுக்காரரிடம் அவ்வளவு கண்டிப்பாக நடக்கவில்லை. முதலில் வரையப்பட்ட விதியின்படி 150 டொலர் கட்டணத்துடன் விண்ணப்பித்து, இன்றியமையாதோர் பட்டியலிலிருந்து அவர்கள் விலகிக்கொள்ள வழி இருந்தது. எதிர்ப்பு எழுந்த பின்னரே அது இறுக்கப்பட்டது.

டெனசியில் மின்சாரம் துண்டிக்கப்பட்ட அதே 2022 டிசெம்பரில், அதற்கு இரண்டு கிழமை முன்னர், நமது நாட்டிலும் குளிர் கொன்றது. மாண்டோஸ் புயல் வங்கக் கடலில் நகர்ந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் மழையும் கூதற்காற்றும் சேர்ந்து வீசின. உறைநிலையின் அருகே எங்கும் போகவில்லை. எனினும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் திருகோணமலையிலும் பிற மாவட்டங்களிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் நின்ற நின்ற இடத்தில் விழுந்து செத்தன. நோயோ என்று முதலில் அஞ்சினர்; குளிரே காரணம் என்று பின்னர் மிருக வைத்தியத் துறையினர் கூறினர். வெக்கைக்குப் பழகிய உடம்பு, நனைந்த தோல், வெட்டவெளி. அந்த மாடுகளைத் தவிர வேறு முதல் இல்லாத குடும்பங்கள் பல.

அன்று அதை எவரும் எதிர்பார்க்கவில்லை என்று நாம் கூறலாம். கூறினால் அது பொய்யாகாது. அது நமது 1989. இனி ஒவ்வொரு கார்த்திகையிலும், வங்கக் கடலில் தாழமுக்கம் என்று வானொலி சொல்லும்போது, கூதல் மாட்டைக் கொல்லும் என்பது திணைக்களத்துக்குத் தெரியும், பிரதேச செயலகத்துக்குத் தெரியும், நமக்குந் தெரியும். நாலு தடியும் கிடுகும் கொண்டு ஒரு கொட்டில் போடுவதற்கு எவ்வளவு செலவாகும் என்பதும் தெரியும். மேய்ச்சற்றரையே சொந்தமில்லாத ஒருவன் அக்கொட்டிலை எந்த நிலத்திற் போடுவான் என்பதை மட்டும் எவரும் இன்னும் எழுதிவைக்கவில்லை.